பணியாற்றினார்

ஓய்வுபெறும் அலுவலர் ஒருவருக்கு வாழ்த்துமடல் எழுதித் தரும்படி நம்மைக் கேட்டனர். '31 ஆண்டுகள் சீரிய முறையில் பணியாற்றினார்' என்று தொடங்கியவுடன் அந்தக் கடைசிச் சொல்லிலேயே நின்றுவிட்டோம்.

பணி செய்தார், பணிபுரிந்தார் என்றும் எழுதலாம். கடமையாற்றினார் என்றால் இன்னும் கம்பீரம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் கடமை என்பது குடிகள் செலுத்திய வரியின் பெயர். அதை நினைத்ததும் சிரிப்பு வந்தது, விட்டுவிட்டோம்.

செய்தலும் புரிதலும் செய்பவனோடு முடிந்துவிடக்கூடும். ஆற்றுதல் அப்படியன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. கொதிக்கும் பாலை ஆற்றுகிறோம். அழும் பிள்ளையை ஆற்றுகிறோம். வந்தவர் பசியை ஆற்றுகிறோம். வினையாற்றுவது வேறு, தணிப்பது வேறு என்று இலக்கணம் வல்லார் நம்மைத் திருத்தலாம். திருத்தட்டும். மழைக்கு உலகம் என்ன கைம்மாறு ஆற்றும் என்று கேட்கும் 211ஆம் குறளில் அது செய்தல்தான். ஆயினும் கலித்தொகையின் 133ஆம் பாடல், பண்புகளுக்கு ஒவ்வொன்றாக இலக்கணம் சொல்லிவரும்போது, ஆற்றுதலாவது அல்லலுற்றவர்க்கு உதவுவதே என்கிறது. நெய்தல் நிலத்துத் தோழி தலைவனிடம் சொல்வது அது. அரசாங்க அலுவலகங்களின் சுவரில் எழுதிவைக்கத்தக்கது.

நாமும் அத்தகைய அலுவலகமொன்றில் மேசை பார்த்தவர்தாம். கணவனை இழந்த மூதாட்டி ஒருத்தி உதவித்தொகைக்கு மனுக் கொடுத்திருந்தாள். குடும்ப அட்டையில் ஒரு பெயர், இறப்புச் சான்றிதழில் ஓரெழுத்து வேறுபட்ட பெயர். மூன்று முறை திருப்பி அனுப்பினோம். கோப்பில் நாம் எழுதிய குறிப்பில் இன்றைக்கும் ஒருவரும் பிழை காண முடியாது. நான்காம் முறை அவள் வரவில்லை.

அந்தக் கோப்பை நம் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு, அவள் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்து, உறுதிமொழியைத் தம் கைப்பட எழுதிக் கைநாட்டுப் பெற்றுவந்தவர், இப்போது ஓய்வுபெறும் இவர்தாம். அன்று நம்மிடம் ஒரு சொல் கடிந்து பேசவில்லை. "நீங்க பார்த்து அனுப்பிடுங்க சார்" என்று கோப்பை வைத்துவிட்டுப் போனார்.

மடலில் 'பணியாற்றினார்' என்பதை அப்படியே விட்டுவிட்டோம். நாம் ஓய்வுபெற்றபோதும் கண்ணாடிச் சட்டமிட்ட மடல் ஒன்று தந்தார்கள். அதிலும் அதே சொல்தான் அச்சாகியிருக்கிறது.