காலரைப் பிடித்துக் கேட்பது

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷனை அழைத்தது எந்த ஃபங்ஷன் என்று கேட்க, 'காலர்' என்றொரு வசதி உண்டு. சட்டைக் காலரோடு அதற்கு உறவில்லை. ஆனால் 'யாரப்பா கூப்பிட்டது?' என்று பிடித்து உலுக்குகிற வேலைதான் இதுவும். ஜாவாஸ்கிரிப்ட் தரநிலையின் 2009இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, 'ஸ்ட்ரிக்ட் மோட்' என்ற கண்டிப்பான முறையில் எழுதிய ஃபங்ஷனிடம் இதைக் கேட்டாலே டைப்எரர் என்ற பிழை விழும். நம்பத்தகாத நிரல், தன்னை அழைத்த ஃபங்ஷனையே கைப்பற்றிவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் பாதுகாப்புக் காரணம். சரிதான். ஆனால் என் கட்சி வேறு: அழைத்தவர் யார் என்பதை இயந்திரம் குறித்து வைப்பதே இல்லை.

1949இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியைப் பாருங்கள். துணைநிரலுக்குள் போனால் திரும்பி வர அதில் தனி ஏற்பாடு கிடையாது. அந்தக் குழுவின் டேவிட் வீலர் கண்ட உபாயம் அழகானது. புறப்படும் முன் ஒரு கட்டளை தன்னையே கூட்டல் பதிவகத்தில் ஏற்றிக்கொள்ளும். அதன் முகவரி அதற்குள்ளேயே இருக்கும். துணைநிரல் அதோடு ஒரு மாறா எண்ணைக் கூட்டி, வெளியேறும் கட்டளையைத் தயாரித்து, தன் கடைசியில் தானே எழுதிக்கொள்ளும். போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் கையோடு எடுத்துப் போவது போல. அதில் இருப்பது, முடித்த பிறகு எங்கே போக வேண்டும் என்பது மட்டுமே. பின்னால் வந்த ஸ்டாக்கிலும் இருப்பது இதே டிக்கெட்டுகளின் அடுக்குதான்.

வந்த இடமும் திரும்பும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால் நாம் ஏமாறுகிறோம். சற்று நேரம் கழித்துச் செய்யச் சொல்லி செட்டைம்அவுட்டிடம் வேலையைக் கொடுத்த ஃபங்ஷன், அந்த வேலை நடக்கும் நேரத்தில் எப்போதோ முடிந்து போயிருக்கும். ஸ்டாக்கில் அதன் தடமே இராது. தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனில் காலரைப் பிடித்துக்கொண்டே போனால், செக்குமாடுபோல் அதையே சுற்றிவர வேண்டியதுதான். தரநிலையின் 2015 பதிப்பு சொல்லும் வால் அழைப்பில், கடைசி வேலையாக இன்னொன்றை அழைத்த ஃபங்ஷன் தன் இடத்தையும் காலி செய்துவிடும். அங்கே திரும்ப வேண்டியிராதபோது டிக்கெட் எதற்கு?

பிழை தேடுபவருக்கு, ஸ்டாக்கில் உள்ளதை வரிசையாகக் காட்டும் ஸ்டாக் டிரேஸ் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், தாராளமாக. அதைப் படிப்பது மனிதக் கண், விடுபட்டதை ஊகித்துக்கொள்ளும். அழைத்தவர் முகம் பார்த்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் நிரல்தான் வம்பு. அப்படி அவசியமென்றால், அழைப்பவரே அதை ஓர் ஆர்கியுமென்ட்டாகச் சொல்லிவிட்டுப் போகலாமே. ஸ்டாக் டிரேஸும் உண்மையில் திரும்பும் இடத்தைத்தான் தேடுகிறது. குரோமின் வி8 எஞ்சின், 'அவெய்ட்' என்று விடைக்காகக் காத்திருக்கும் இடத்தைத் தாண்டியும் இப்போது ஸ்டாக் டிரேஸ் காட்டுகிறது. அது பழைய அழைப்புகளை எங்கும் சேமித்து வைப்பதில்லை. பின்னால் வரப்போகும் விடைக்கு நிற்கும் இந்த ப்ராமிஸ் முடிவதற்காகக் காத்திருப்பது யார், அதற்காகக் காத்திருப்பது யார் என்றே தேடிக்கொண்டு போகிறது.