அதிபத்தர் கடற்கரையில் நால்வர்

நாகப்பட்டினம் காயாரோகணேசுவரர் ஆலயத்தில் அன்னை நீலாயதாட்சியைத் தரிசித்து வெளியே வந்த நண்பர்கள் நால்வரும் எழுபதைக் கடந்தவர்கள். ஒரே அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். வடக்கே தரங்கம்பாடி வரை காரில் செல்வது அவர்கள் திட்டம். நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத வழிதான். ஆயினும் நெடுஞ்சாலையிலேயே போய்விடாமல், கடலோரக் குப்பங்களுக்குள்ளும் சென்று பார்க்க வேண்டுமென்று இளையவர் விரும்பினார். மூத்தவருக்கு அது பிடிக்கவில்லை. சிவபூசை முடியாமல் ஒரு வாய் நீரும் அருந்தாதவர் அவர். கோயில்களைச் சேவித்தால் போதாதா என்றார். மீன் வாடை வந்ததும் கண்ணாடியை ஏற்றிவிடுமாறு ஓட்டுநரிடம் சொன்னார்.

சித்திரை மாதத்து வெயில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் செல்லக் கூடாது. மீனினம் பெருகுவதற்காக விதிக்கப்பட்ட தடை அது. துறைமுகத்தில் படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடந்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மிகுதியான உயிர்களைக் கொண்டு சென்ற கரை இது. காரில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை.

நாகூரைக் கடக்கும்போது மூத்தவரே அதிபத்த நாயனார் வரலாற்றைத் தொடங்கினார். அறுபத்து மூவருள் ஒருவராகிய அவர் இந்த நாகைக் கடற்கரையில், நுளைப்பாடியில் பரதவர் தலைவராக வாழ்ந்தவர். வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் நியமம். பின்னர் நாள்தோறும் ஒரே ஒரு மீன் மட்டும் கிடைக்கும் காலம் வந்தது. அந்த ஒன்றையும் விட்டார். இறுதியில் மணிகள் பதித்த பொன்மீன் ஒன்று அகப்பட்டது. அதையும் விட்டார்; ஈசன் காட்சி தந்தான். இன்றும் ஆவணி மாதத்தில் நாகை மீனவர் பொன்மீனைப் படகில் கொண்டு சென்று கடலில் விட்டு அவரை நினைக்கிறார்கள்.

“பொன்மீனைத் துறந்தாரே, அதுவன்றோ பற்றறுத்த நிலை!” என்றார் மூத்தவர்.

கணக்குப் பிரிவில் இருந்த நண்பர் அதை ஏற்கவில்லை. பொன்மீன் ஒருநாள் சோதனை; ஒற்றை மீனோ நாள்தோறும் வந்த சோதனை. வீட்டில் அடுப்பு எரியாதபோது கையிலிருக்கும் ஒன்றைக் கொடுப்பதே பெரிது என்று வாதிட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சுற்றத்தார் பசியால் வாடியதைச் சேக்கிழாரும் சொல்லாமல் விடவில்லை. வாதம் முடிவதற்குள் திருமலைராயன்பட்டினம் வந்துவிட்டது.

அவ்வூரை அடுத்த மீனவர் கிராமம் பட்டினச்சேரி. நான்காமவர் திருக்கண்ணபுரத்துப் பக்கம் பிறந்தவராதலால், அங்கே இறங்கியே தீர வேண்டும் என்றார். கண்ணபுரத்துச் சௌரிராஜப் பெருமாளின் தேவியருள் பத்மினி நாச்சியார் மீனவர் குலத்தில் தோன்றியவர். ஆகவே மாசிமகத் தீர்த்தவாரிக்குப் பெருமாள் இக்கரைக்கு எழுந்தருளும்போது, இவ்வூரார் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாகவே வரவேற்கிறார்கள்.

கரையோரத் தென்னங்கீற்று நிழலில் சிலர் வலை பின்னிக்கொண்டிருந்தனர். வெயிலில் தள்ளாடிய நால்வரையும் ஒரு மூதாட்டி திண்ணைக்கு அழைத்தார். மாசியில் வந்திருந்தால் மாப்பிள்ளையைப் பார்த்திருக்கலாமே என்று வருந்தினார். சொந்த மருமகன் ஊரிலில்லை என்பது போன்றே இருந்தது அந்தக் குரல். தடைக்காலத்தில் எப்படிக் காலம் தள்ளுகிறீர்கள் என்று இளையவர் கேட்டதற்கு, கருவாடு இருக்கிறது, கடனும் இருக்கிறது என்று சிரித்தார். பின்னர் உள்ளே சென்று பித்தளைச் சொம்பில் தண்ணீரும், சிறிது பனங்கற்கண்டும் கொண்டுவந்தார்.

மூவரும் அருந்தினர். சொம்பு தம்மிடம் வந்தபோது மூத்தவர் கை நீளவில்லை. மூதாட்டி அதைக் கண்டார். முகம் மாறாமல் சொன்னார்: “குடிங்க ஐயா. இது தனிச் சொம்பு. நாங்க பொழங்குறதில்ல. பெருமாளோட வர்றவங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கோம்.”

மூத்தவர் தலை கவிழ்ந்தது. கடலிரைச்சல் மட்டும் கேட்டது. சற்றுப் பொறுத்து, “நீங்கள் புழங்கும் பாத்திரத்திலேயே கொடுங்கள், அம்மா” என்றார். மூதாட்டி தயங்கினார்; நண்பர்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், விளிம்பு நெளிந்த ஒரு எவர்சில்வர் குவளையைக் கழுவிக் கழுவி எடுத்து வந்தார். அவர் கண்ணை மூடித் திருநாமம் சொல்லி, கடைசிச் சொட்டு வரை அருந்தினார். இளையவர் நீட்டிய பணத்தை மூதாட்டி வாங்க மறுத்துவிட்டார்.

தரங்கம்பாடியை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. டேனியர் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டையை இளையவர் மட்டும் சுற்றிப் பார்த்தார். மற்றவர்கள் மாசிலாமணிநாதர் ஆலயத்துக்குச் சென்றனர். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ உண்டுவிட்டது. எஞ்சிய சந்நிதியில் தொழுதுவிட்டு அலைக்கு எதிரே நின்றார்கள்.

நெடுநேரம் கழித்து மூத்தவர் கணக்கர் பக்கம் திரும்பி, “அவர் வீட்டார் எத்தனை நாள் பசித்திருப்பார்கள்?” என்று கேட்டார்.

எவரைப் பற்றிக் கேட்கிறார் என்பது உடனே ஒருவருக்கும் விளங்கவில்லை.