தோஹாவில் ஒன்பது மணித்தியாலம்

டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எமது வீட்டிலிருந்து மொன்றியல் விமானநிலையம் கூப்பிடு தூரம்தான். எண்பதுகளில் எம்மவர் பலர் வந்திறங்கியது இங்கல்ல; வெகு தொலைவிலுள்ள மிராபெலில். 1975இல் திறந்த அந்நிலையத்தில் பயணிகள் சேவை 2004இல் நின்றுவிட்டது.

கொழும்புக்கு இங்கிருந்து நேர்விமானம் இல்லை. அப்பாவின் அந்தியேட்டிக்குத் தோஹா வழியாகப் புறப்பட்டோம். பன்னிரண்டு மணித்தியாலம் பறப்பு, பிறகு ஒன்பது மணித்தியாலம் காத்திருப்பு. அங்கே 7 மீற்றர் உயரத்தில் மஞ்சள் கரடிப் பொம்மை ஒன்று, முதுகில் விளக்குடன் இருக்கிறது. "உதையும் காசு குடுத்து வாங்கினவையோ?" என்றார் அம்மா. 2011இல் அது 68 இலட்சம் டொலருக்கு ஏலம் போனதை நாங்கள் சொல்லவில்லை.

அம்மாவின் கவலை வேறு. அப்பா கண்மூடியது யாழ்ப்பாணத்தில் காலை 7 மணி. மொன்றியலில் முதல்நாள் இரவு 9.30. 31ஆம் நாளை எந்த ஊர்க் கணக்கில் எண்ணுவது? சக்கர நாற்காலியில் இருந்தபடி விரல்மடித்து எண்ணினார். கடைசியில், "மனிசன் போனது அங்கை. அங்கத்தைய நாள்தான் கணக்கு," என்றார். அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி குடித்தார்.

கட்டுநாயக்காவிலிருந்து வானில் இன்னும் எட்டு மணித்தியாலம். 30ஆம் நாள் பொழுதுபட வீட்டுப் படலையில் இறங்கினோம். ஐயர் விடிய ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.