மரம் வெட்டும் இயற்கை மையம்

பறவைகளைக் காப்பதற்கென்றே இருக்கும் ஆடுபான் அமைப்பின் நிலத்தில், ஒரு பாட்டி கைரம்பத்தால் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். இடுப்புயரம் வளர்ந்த பச்சை சீடார். பக்கத்தில் ஏழெட்டு ஏற்கெனவே சாய்ந்து கிடந்தன. ஆண்டுதோறும் கன்று நட்டே பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். வாய் சும்மா இருக்கவில்லை.

“இயற்கை மையம் என்று பலகை மாட்டிவிட்டு மரத்தை வெட்டுகிறீர்களே?”

“இங்கே இது களை” என்றார், நிமிராமல்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம், லிங்கன் நகருக்குத் தென்மேற்கே இருக்கிறது இந்த ஸ்பிரிங் கிரீக் பிரெய்ரி. நான் போனது வண்டித்தடம் பார்க்க. நெப்ராஸ்கா சிட்டியிலிருந்து கியர்னி கோட்டைப் பக்கம் போன பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடியேறிகளின் வண்டிகள் அழுத்திய பள்ளம் இன்னும் தெரிகிறது. தெரிகிறது என்றால், தூர்ந்த வாய்க்கால் மாதிரி. இதற்கா இவ்வளவு தூரம் என்றிருந்தது.

அது பிழைத்த கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய பனியாறுகள் விட்டுப்போன கற்கள் இந்தச் சரிவுகளில் கிடக்கின்றன. ஏர் ஓட்டத் தோதுப்படாமல் மாட்டுக்கு விட்டிருக்கிறார்கள். உழுதிருந்தால் தடமும் இல்லை, புல்லும் இல்லை. வட அமெரிக்காவின் உயர்புல் வெளியில் இன்று மிச்சம் 4 விழுக்காடுகூடக் கிடையாது. 1998இல் ஆடுபான் அமைப்பு இந்தப் பண்ணையை வாங்கியது. நம்மூரில் மேய்க்கால் என்றால் மனைக்கல் நடத்தான் ஆள் வருவார்கள்.

பாட்டி தன்னார்வலர். தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது மீதியைச் சொன்னார். மின்னலும் பூர்வகுடிகளும் மூட்டிய தீதான் காலங்காலமாக மரத்தை அண்டவிடாமல் புல்லைக் காத்தது. குடியேறிகள் வந்து தீயை அடக்கினார்கள், சீடார் மேடேறியது. அது இந்த மண்ணின் மரம்தான், ஆனாலும் விட்டால் புல்லுக்கு வெயில் கிடைக்காது. அதனால் இப்போது திட்டமிட்டு எரிக்கிறார்கள், தப்பியதை அறுக்கிறார்கள்.

இதில் ஒரு கூத்து. அந்த வண்டிகள் கிளம்பிய நெப்ராஸ்கா சிட்டியில் குடியேறிய ஸ்டெர்லிங் மார்ட்டன்தான் 1872இல் மரம் நடு நாளைத் தொடங்கிவைத்தவர். மரமில்லாத வெளி குடியேறிகளுக்குக் குறையாகப் பட்டிருக்கிறது. அன்றைக்கு நானும் அவர்கள் கட்சியில்தான் இருந்திருப்பேன். அவர்கள் போன தடத்தை இன்று காப்பது அவர்கள் வேண்டாமென்ற அந்த வெறும் வெளிதான்.

“ஒன்றை அறுத்துப் பாருங்களேன்” என்று ரம்பத்தை நீட்டினார். முழங்காலுயரம் ஒன்றை அறுத்தேன். பென்சில் சீவின வாசனை. பென்சிலுக்கே இந்த மரம்தான் ஒருகாலத்தில் போனதாம். அடுத்து அவர் காட்டியது என் தோளுயரம் இருந்தது. முடியாது என்றேன். “உங்களைப்போல நிறையப் பேர் வருகிறார்கள்” என்று சிரித்துவிட்டு அவரே குனிந்தார்.