பூக்காத மாதத்தில் அந்தச் செடியைத் தெரியுமா?

கார்த்திகை மாதம் வேலியோரம் தீ கொழுந்துவிட்ட மாதிரி சிவப்பும் மஞ்சளுமா ஒரு பூ பூக்கும், பார்த்திருப்பீங்க. செங்காந்தள். நம்ம மாநில மலர்.

அதே செடி சித்திரையில் எப்படி இருக்கும்? அது எனக்குத் தெரியாததால் ஒருத்தர் உயிர் போகப் பார்த்தது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. கோடைமழை பெய்த ரெண்டாம் நாள் காலையில் ஒரு விவசாயியைத் தூக்கிட்டு வந்தாங்க. விடிய விடிய வாந்தி, பேதி. என்ன சாப்பிட்டார்னு கேட்டேன். "கிழங்குங்க" என்றார் மனைவி. ஃபுட் பாய்சன்னு எழுதி டிரிப்ஸ் போட்டேன். மதியத்துக்கு மேல வாந்தி அடங்குச்சு. சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிடலாம்னு முடிவே பண்ணிட்டேன்.

வார்டு கூட்டிட்டிருந்த ஆயாம்மா நான் கேட்காத அடுத்த கேள்வியைக் கேட்டாங்க. "என்ன கிழங்கு?" வரப்பு வெட்டும்போது கிடைச்சதாம். வள்ளிக்கிழங்குன்னு நினைச்சு அவிச்சுச் சாப்பிட்டிருக்கார். ஆயாம்மா அவர் மகனை விரட்டி, மிச்சத்தை மஞ்சப்பையில் எடுத்துவர வெச்சாங்க. பார்த்ததும் முகம் மாறிடுச்சு.

"சார், இது கலப்பைக் கிழங்குங்க. அனுப்பிடாதீங்க."

கலப்பை மாதிரியே ரெண்டு கொம்பா விரிஞ்ச கிழங்கு. செங்காந்தளோட கிழங்கு. கண்வலிக்கிழங்குன்னும் சொல்வாங்க. தாராபுரம், மூலனூர் பக்கம் விதைக்காக இதைப் பயிராவே வளர்க்கிறாங்க. இதில் இருப்பது கோல்ச்சிசின். கௌட் மூட்டுவலிக்கு நாங்க 0.5 மில்லிகிராம் மாத்திரையா அளந்து கொடுக்கும் அதே மருந்து. அளவு மீறினால் விஷம். வேகவைத்தாலும் போகாது.

இது செல்கள் பிரிவதைத் தடுக்கும். அதனால் குடல், எலும்பு மஜ்ஜை, முடிவேர் எல்லாம் அடிவாங்கும். முதல் நாள் வாந்தி பேதி மட்டும்தான். அது அடங்கின மாதிரி தெரியும். அடுத்தடுத்த நாட்களில்தான் ரத்த அணுக்கள் குறையும், கிட்னியும் இதயமும் தடுமாறும். நம் ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று முறிமருந்து கிடையாது. பக்கத்தில் இருந்து தாங்கிப் பிடிக்கணும், அவ்வளவுதான்.

உடனே 108-ல் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். பல நாள் ஐசியூ. பிழைச்சார். சில வாரம் கழிச்சு என்னைப் பார்க்க வந்தப்போ தலையில் முடியே இல்லை. "கொத்துக் கொத்தா கொட்டிருச்சுங்க" என்று சிரிச்சார். பிறகு வளர்ந்துடுச்சு. எனக்குச் சிரிப்பு வரலை.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் பூவைக் காட்டியிருந்தால் அவரே பேர் சொல்லியிருப்பார். ஆனா கோடையில் அந்தச் செடி மண்ணுக்கு மேல இல்லவே இல்லை. கொடி காய்ஞ்சு போய், கிழங்கு மட்டும் உள்ளே தூங்கும். மழைக்குத் துளிர்க்கும். அப்போ பூ இருக்காது, இலையைப் பார்க்கணும். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பி மாதிரி வேலியைப் பிடிக்கும். பிறகுதான் பூ. முதலில் பச்சை கலந்த மஞ்சள், போகப் போக முழுச் சிவப்பு. கடைசியில் காய் வெடித்துச் செந்நிற விதைகள். அந்த விதையும் விஷம்தான்.

ஆயாம்மாகிட்ட எப்படித் தெரியும்னு கேட்டேன். "சின்னப் புள்ளையில வேலியில வருசம் பூரா பாத்துட்டேதானே இருப்போம்" என்றாங்க.

அன்றிலிருந்து நானும் வருஷம் பூரா பார்க்க ஆரம்பிச்சேன். ஓபி ஜன்னலுக்கு வெளியே ஒரு கொன்றை. சித்திரையில் மஞ்சள் சரம் தொங்கும்போது யாருக்கும் தெரியும். பூ உதிர்ந்தப்புறம் ஒரு முழ நீளக் கருங்காய்தான் அதுக்கு அடையாளம். புங்கை மாசியில் இலை உதிர்த்து, பங்குனியில் பளபளன்னு தளிர்விட்டு, சித்திரையில் தரையெல்லாம் பொரி கொட்டின மாதிரி பூ சிந்தும். பூவரசம் பூ காலையில் மஞ்சள், வாடும்போது செம்மை. ரெண்டு நிறத்தையும் பார்த்து ரெண்டு செடின்னு நினைச்சவன் நான்!

உங்களுக்கு ரெண்டே வேண்டுகோள்.

ஒன்று: உங்க தெருவில் ஒரு மரம், ஒரு செடி தேர்ந்தெடுங்க. இலை, பூ, காய், பட்டை எல்லாத்தையும் மாசம் ஒரு தடவை போட்டோ எடுத்து, தமிழ் மாசத்தைக் குறிச்சு வைங்க. ஒரு வருஷத்தில் அது உங்க சொந்தக்காரர் மாதிரி ஆயிடும். ஆனா போட்டோவையோ ஆப்பையோ நம்பி எதையும் வாயில் வைக்காதீங்க.

ரெண்டு: யாராவது தெரியாத கிழங்கோ காயோ விதையோ சாப்பிட்டுட்டா, வாந்தி எடுக்க வைக்க முயற்சி பண்ணாதீங்க. மிச்சத்தை இலையோட ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வாங்க. வாந்தி நின்னுடுச்சுன்னு வீட்டிலேயே இருந்துடாதீங்க.

அங்கே இருக்கும் டாக்டருக்கு அது என்னன்னு தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியலையே. வார்டு கூட்டும் ஆயாம்மாவிடமும் ஒரு தடவை காட்டச் சொல்லுங்க.