சஞ்சிகையும் சான்றும்

ஓமந்தையிலுள்ள பெரியப்பாவின் வீட்டுக் கிணறு அவர் தம் கையாலேயே வெட்டியது. அந்நீரைக் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெண்படலம் படிவதுண்டு. ஆயினும் எவரும் அதனை ஐயுற்றதில்லை. ஒரு விடுமுறையில் நான் சென்றபோது கிணற்றடியில் வாளி கவிழ்ந்து கிடந்தது. குசினியில் விலைக்கு வாங்கிய தண்ணீர்க் கலன்கள் நின்றன.

காரணம், ஒரு சஞ்சிகையிலிருந்து அவர் வெட்டி வைத்திருந்த துணுக்கு. வன்னீரும் கிளைபோசேற் என்னும் களைநாசினியும் சேர்ந்து சிறுநீரக நோயை உண்டாக்குவதை ஆய்வொன்று நிறுவியுள்ளதாக அது கூறிற்று.

"தம்பி, நீ பல்கலைக்கழகத்திலை படிக்கிற பிள்ளை. இது மெய்யோ எண்டு பார்த்துச் சொல்லு" என்றார். வவுனியாவும் அந்நோய் காணப்படும் மாவட்டங்களுள் ஒன்று. ஆதலின் அவரது அச்சத்தை நகைத்து ஒதுக்க என்னால் இயலவில்லை.

துணுக்கில் ஆய்வாளர் பெயரில்லை, ஆண்டில்லை, ஆய்வேட்டின் பெயருமில்லை. அதன் சொற்களையே கொண்டு இணையத்தில் தேடினேன். கிடைத்தவை யாவும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதிய செய்திகளே. இரண்டு நாள் கழிந்த பின்னரே என் பிழை புலனாயிற்று. சஞ்சிகை வழங்கும் சொல் வேறு. ஆய்வாளர் வழங்கும் சொல் வேறு. மருத்துவ ஏடுகளில் அது 'காரணம் துணியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' எனப்படும். அப்பெயரின் ஆங்கில வடிவத்தோடு களைநாசினியின் பெயரையும் நாட்டின் பெயரையும் சேர்த்துக் கூகிள் ஸ்கொலரில் இட்டேன். மூலக்கட்டுரை உடனே கிட்டிற்று. அதனைப் பணமின்றியே முழுமையாகப் படிக்கவும் முடிந்தது.

சன்ன ஜயசுமன முதலிய மூவர் 2014இல் எழுதிய கட்டுரை அது. கிளைபோசேற், வன்னீரிலுள்ள உலோகங்களோடு பிணைந்து சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும் என்பது அவர்தம் கருத்து. ஆனால் அதனை அவர்கள் ஒரு கருதுகோளாகவே முன்வைத்திருந்தனர். 'கூடும்' என்று ஆய்வாளர் எழுதியது 'நிறுவியுள்ளது' எனச் சஞ்சிகையில் மாறியிருந்தது! இக்கருத்தின் செல்வாக்குச் சிறிதன்று. 2015இல் அக்களைநாசினி நாட்டிலே தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது.

ஒரு கட்டுரை கிடைத்தால் மற்றவை அதன் வழியே வரும். அதன் உசாத்துணைப் பட்டியல் முன்னையோரிடம் அழைத்துச் செல்லும். அதனை எடுத்தாண்ட கட்டுரைகள் பின்னையோரைக் காட்டும். இவ்வாறு தேடுகையில் 2013இல் வெளிவந்த பேராய்வொன்றைக் கண்டேன். அது அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நிகழ்ந்தது. நோயாளரின் சிறுநீரில் கட்மியம் மிகுந்திருந்ததை அது கூறிற்று. காரணம் ஒன்றல்ல, பலவாகலாம் என்பது அதன் போக்கு. எங்கள் மாவட்டம் அதிலே இடம்பெறவில்லை.

இவற்றையெல்லாம் பெரியப்பாவுக்கு எடுத்துரைத்தேன். பொறுமையோடு கேட்டபின், "அப்ப இந்தத் தண்ணியை நான் குடிக்கலாமோ?" என்றார். நான் படித்த எந்தக் கட்டுரையிலும் அதற்கு விடையில்லை. எங்கோ ஆராய்ந்தவர் எங்கள் கிணற்றை அறியார். மறுநாள் தூய போத்தலொன்றில் நீரெடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். வன்மை மிகுதி என்று முடிவு வந்தது. அவர் இன்றும் வாங்கிய நீரையே அருந்துகிறார். கிணற்று நீர் தோட்டத்துக்கு ஆகிறது. அம்முடிவில் தவறில்லை என்றே நானும் கருதுகிறேன்.

ஆயினும் ஒன்று மாறியுள்ளது. அத்துணுக்கை அயலவருக்குக் காட்டும்போது, 'நிறுவியுள்ளது' என்ற சொல்லின்மேல் அவரே பென்சிலால் கோடிட்டு எழுதியதையும் சேர்த்துக் காட்டுகிறார்: "இன்னும் நிறுவவில்லை."