எத்தனை முற்று?

ஏற்காட்டில் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகள் தன் ஆங்கில ஏட்டை நீட்டினாள். ‘அவன் மலையேறி இளைப்பாறினான்’ என்பதை மூன்று விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். தமிழில் ‘ஏறி’ எச்சம், முற்று ஒன்றே. ஆங்கிலத்திலோ, ‘ஹேவிங் கிளைம்டு’ என்று தொடங்கினால் அது தனி வாக்கியம். இரு முற்றுகளை ‘அண்ட்’ சமமாக இணைத்தால் கூட்டு வாக்கியம். ‘வென்’ வந்து ஒன்றை மற்றொன்றின் சார்பாக்கினால் கலவை வாக்கியம்.

அவள் சரியாகவே எழுதியிருந்தாள். முதலாவதைக் கூட்டு வாக்கியம் என்று திருத்தியவன் நான். வினைகளை எண்ணினேனேயன்றி முற்றுகளை எண்ணவில்லை. குருமடத்தில் இலத்தீன் இலக்கணம் பயின்றவன் என்ற பெருமை வேறு!

மறுநாள் தேர்வில் என் சொல்லை நம்பி எழுதி மதிப்பெண் இழந்தாள். “சாமி, நீங்கதானே சொன்னீங்க” என்றாள். குரலில் குற்றச்சாட்டு இல்லை, குழப்பமே இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் வெட்கி, தலைகுனிந்து நின்றாள்.

ஆங்கிலம் ‘ஹூ’ என்னும் சொல்லால் செய்வதைத் திராவிட மொழிகள் பெயரெச்சத்தால் செய்வதைக் கால்டுவெல் ஐயர் 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் விளக்கியுள்ளார். அடுத்த ஞாயிறு அதைத் தொடங்கினேன். ‘வந்த பையன் சிரித்தான்’ என்றேன்.

“தமிழ்ல ஒரு முற்று, சாமி. இங்கிலீஷ்ல ‘ஹூ கேம்’னு இன்னொண்ணு வருது. கலவை.”

இம்முறை நான் ஏட்டில் கைவைக்கவில்லை.